கடலோர வளவுக்கு எப்போதும் பச்சையாக நிற்கிற செடிவேலி: எது தாங்கும்?

கடற்கரைவீடு, கல்லடி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கு மிகக் கிட்ட. ரோட்டுப் பக்கம் ஏறக்குறைய 60 அடி நீளத்துக்குத் தகர வேலிதான் நின்றது. உப்புக்காற்றில் தகரம் எவ்வளவு காலம் நிற்கும் என்று இந்தக் கரையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அடிப்பக்கம் முழுக்கத் துருவேறி இப்போது கை வைத்தாலே உதிர்கிறது. சீமெந்தும் கம்பியும் விற்கிற விலைக்கு மதில் கட்டுகிற நிலையில் நாங்கள் இல்லை. காசு இருந்தாலும் அம்மா விடமாட்டார், மதில் எழுப்பினால் வீட்டுக்குள் காற்றே வராது, கச்சான் காற்று அடிக்கிற வெயில் நேரத்தில் வெந்துபோவோம் என்கிறார்.

அதனால் செடிவேலி வைப்போம் என்று முடிவெடுத்தோம். அந்தக் காலத்தில் நின்ற மாதிரிக் கிளுவையும் கிளிசரியாவும் நடலாம் என்றுதான் முதலில் பேச்சு வந்தது. ஆனால் இரண்டும் சரியாக வெயில் காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு வெறும் தடியாக நிற்கும், எங்களுக்கு ரோட்டிலிருந்து முற்றம் தெரியாமல் மறைப்பதுதான் முக்கியம். வருடம் முழுக்க இலையோடு நிற்கிற செடி வேண்டும் என்று போன மாரியில் எக்சோரா (வெட்சி) வாங்கி வரிசையாக நட்டோம். கடலுக்குக் கிட்ட என்று சொல்லித்தான் கன்று கேட்டோம், எங்கேயும் வளரும் என்று சொல்லி விற்றார்கள்.

மழை இருந்த மட்டும் நன்றாகத்தான் நின்றது. இப்போது புதிதாக வருகிற குருத்திலை எல்லாம் மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. கடல் பக்கம் நிற்கிற கன்றுகளில் வேறு மாதிரி, இலையின் ஓரம் தீய்ந்து பழுப்பாகிறது. சில கன்றுகள் செத்தும் போய்விட்டன. வரிசையின் நடுவில் பழைய மதில் அத்திவாரம் ஒன்று மண்ணுக்குள் கிடக்கிறது, அதன் பக்கத்தில் நிற்கிறவைதான் கூட மஞ்சள்.

இதைக் காப்பாற்ற முடியுமா, அல்லது பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது வைப்பதா? வைப்பதென்றால் உப்புக்காற்றும் கச்சானும் தாங்க வேண்டும், ரோட்டில் திரிகிற மாடும் ஆடும் தின்னாததாக இருக்க வேண்டும், ஆறடிக்கு மேல் போகவும் வேண்டாம். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


காரைதீவுத் தோட்டம்

தங்கச்சி, உங்கள் வேலியில் இருப்பது ஒரு வருத்தம் இல்லை, இரண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்து உரத்தை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், கடல் மணலில் அது இன்னும் கெடுக்கும்.

குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் செடிக்கு இரும்புச்சத்துப் போய்ச் சேரவில்லை என்று பொருள். மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு கூடிய மண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது. எக்சோரா கொஞ்சம் புளிப்பான மண்ணில் வாழ்கிற செடி. எங்கள் கரையோர மணலைக் கையில் அள்ளிப் பாருங்கள், உடைந்த சிப்பியும் சங்கும் கலந்திருக்கும், அதெல்லாம் சுண்ணாம்புதான். அதற்கு மேல் உங்கள் வளவில் பழைய அத்திவாரம் வேறு கிடக்கிறது, அதிலிருந்து சாந்தும் சீமெந்தும் கரைந்து மண்ணைக் காரமாக்கும். அந்த இடத்துக் கன்றுகள் கூட மஞ்சளாவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதற்கு அன்னபேதியை (இரும்புச் சல்பேற்று உப்பு) ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 கிராம் கணக்கில் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் படத் தெளியுங்கள். மண்ணில் போட்டால் அந்தச் சுண்ணாம்பு மண்ணிலேயே கட்டுப்பட்டுப் போகும், செடிக்குக் கிடைக்காது. சுவரிலும் சீமெந்துத் தரையிலும் தெளிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக் கறை பிடித்தால் போகாது. இலை பச்சை பிடிக்கும், ஆனால் மண் மாறாத வரை திரும்பத் திரும்பத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டி வரும். மக்கின மாட்டெருவும் கூட்டெருவும் நிறையச் சேர்த்தால்தான் காலப்போக்கில் மண் திருந்தும்.

அடியில் இருக்கிற முற்றின இலை மஞ்சளாகி உதிர்ந்தால் அது வேறு, அது தழைச்சத்துக் குறைவு. மாரி மழையில் மணலுக்குள் இருக்கிற சத்தெல்லாம் கீழே கழுவிப் போய்விடும். அதனால் எருவை ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட வேண்டும்.

இலை ஓரம் தீய்வது உப்பு. அதற்கு மருந்து கிடையாது. கடல் பார்த்த பக்கத்தில் எக்சோரா ஒருநாளும் உங்களுக்குத் திருப்தியாக வராது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். நன்றாக நிற்கிற கன்றுகளை வேரோடும் மண்ணோடும் எடுத்து, வீட்டுச் சுவர் காற்றை மறைக்கிற பக்கம் மாற்றி வையுங்கள், சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி. அங்கே பூத்துக் குலுங்கும். ஆனால் இந்த வெயிலில் கிளப்ப வேண்டாம், ஐப்பசி மழை விழட்டும்.


மருதோன்றி வேலி, காத்தான்குடி

காரைதீவு நானா சொன்னதுதான் சரி, எக்சோரா அந்த இடத்துக்கு ஆகாது. எங்கள் பக்கத்திலும் கடற்கரை ரோட்டு வீடுகளில் அதை நட்டுப் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

தங்கச்சி, உங்களுக்கு நான் சொல்வது சங்கங்குப்பி. வாவி ஓரத்தில் கண்டல் மரங்களுக்குப் பின்னால் புதர் புதராக நிற்கும், கரும்பச்சை இலை, வெள்ளைப் பூவும் அதிலிருந்து நீளமாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற ஊதா நூல்களும். பீச்சங்கு என்றும் சொல்வார்கள். உப்புத் தண்ணீர் ஏறி இறங்குகிற இடத்திலேயே நிற்கிற செடிக்கு உங்கள் வளவுக் காற்று ஒரு பொருட்டே இல்லை. இலை அவ்வளவு கசப்பு, மாடும் ஆடும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். வெட்ட வெட்ட அடர்ந்து வரும், வருடம் முழுக்கப் பச்சை. காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவையும் இல்லை, தடி வெட்டி வைத்தால் வேர் பிடிக்கும்.

ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். விட்டால் பரந்துகொண்டு போகும், கொப்பு நிலத்தில் பட்ட இடத்தில் வேர் விட்டு அடுத்த வளவுக்குள்ளும் போய்விடும். மழைக்காலத்தில் அடிக்கடி வெட்டத்தான் வேண்டும். வெட்ட மனமில்லாத வீட்டுக்கு இது சரிவராது.

மருதோன்றியும் நல்ல வேலி. எங்கள் வீட்டில் உம்மா வைத்தது இன்னும் நிற்கிறது, பெருநாள் வந்தால் தெருவில் இருக்கிற பெண்பிள்ளைகள் எல்லோரும் வந்து இலை பறிப்பார்கள். வெயில் தாங்கும், முற்றினால் கொப்பில் முள் வரும், அதனால் மாடு உள்ளே தலையை விடாது. ஆனால் கடும் வரட்சியில் தண்ணீர் விடாவிட்டால் இலை குறையும், அப்போது உங்களுக்கு மறைப்புப் போதாது. அதனால் ரோட்டுப் பக்கம் சங்கங்குப்பி, பக்கத்து வளவுப் பக்கம் மருதோன்றி என்று வைத்தால் நல்லது என்பது என் எண்ணம்.


வெயில்காலம், திருக்கோவில்

அலரி வையுங்கள் அக்கா. மாடு தின்னாது, உப்புத் தாங்கும், தண்ணீரும் அவ்வளவு தேவையில்லை, எந்த நேரமும் பூ. எங்கள் பக்கம் கோயிலுக்கும் பூப் பறிக்கலாம் என்று எத்தனையோ வீடுகளில் நிற்கிறது.


களுவாஞ்சிக்குடி ரீச்சர்

தம்பி சொன்னதெல்லாம் உண்மைதான், செடியாகப் பார்த்தால் அலரியைப் போலத் தாங்குகிற செடி குறைவு. ஆனாலும் தயவுசெய்து வீட்டு வேலியாக வைக்காதீர்கள். இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. வெட்டிப் போட்ட கொப்பை, காய்ந்த பிறகுகூட, ஆடு மாடு தின்றால் செத்துவிடும், வெட்டினதை எரித்தால் அந்தப் புகையும் கூடாது. மஞ்சள் அலரியின் விதையைப் பற்றி நம் நாட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை வீடுகளில் இழவு விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் அதற்காக எத்தனை உயிருக்குப் போராடியிருப்பார்கள். பிள்ளைகள் விளையாடுகிற முற்றத்திலும், மனம் உடைந்த ஒருவர் கை நீட்டினால் எட்டுகிற தூரத்திலும் அதை வளர்ப்பதை என்னால் ஏற்க முடியாது. நிற்கிற இடங்களிலும் வேரோடு எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அதேபோல மஞ்சள் இலைத் துரந்தா இப்போது எல்லா வீட்டு வாசலிலும் வைக்கிறார்கள். வெட்டி நிறுத்த அழகுதான், ஆனால் பூத்து மஞ்சள் காய் குலையாகத் தொங்கும், அதுவும் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் பூக்க விடாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.


வெயில்காலம், திருக்கோவில்

சரி ரீச்சர். காய்ந்த கொப்புக்கூட ஆட்டைக் கொல்லும் என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் சொல்கிறேன்.


படுவான்கரை விவசாயி

நான் வாவிக்கு மேற்கே இருக்கிறவன், எங்கள் மண் வயல் மண், கடல் பக்கத்து எழுவான்கரைக்காரருடைய கவலை எங்களுக்கு வேறு. ஆனால் வேலி வெட்டுவதைப் பற்றி எங்கே இருந்தாலும் ஒரே கதைதான், அதில் பெரும்பாலும் எல்லோரும் விடுகிற ஒன்றைச் சொல்கிறேன்.

கன்று வைத்தவுடன் ஆறடி உயரம் வந்தால் போதும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். வந்த பிறகு பார்த்தால் மேலே இலை, கீழே வெறும் தண்டு, ஆடு நுழைந்து போகும். கன்று ஒன்றரை அடி வந்தவுடனேயே நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளின இடத்திலிருந்து இரண்டு மூன்று கொப்பு வரும், அதுவும் ஒரு முழம் வளர்ந்தவுடன் மறுபடி பாதியை வெட்ட வேண்டும். உயரம் வருவதற்குக் கொஞ்சம் பிந்தும், பிந்தட்டும். அடியிலிருந்து அடர்ந்து வருகிற வேலிதான் வேலி. கீழே ஒருமுறை வெறுமையாகிவிட்டால் அங்கே இலை வரவைப்பது பெரும்பாடு.

அடுத்தது வடிவம். கவிழ்த்து வைத்த கடகம் மாதிரி அடி அகலமாகவும் மேலே போகப் போக ஒடுங்கியும் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும்தான் இருக்கிறது, ஏனென்றால் மேலே வளர்ச்சி கூட, கத்தரிக்கிறவர் பக்கங்களை நேராக வெட்டுகிறேன் என்று மேலே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வருவார். மேல்பகுதி வெயிலை மறைத்தால் கீழ் இலை உதிரும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் தடி நட்டுக் கயிறு இழுத்துக் கட்டி, அதன்படி வெட்டினால் கண் ஏமாற்றாது.

எப்போது வெட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். பலமாக வெட்டுவதென்றால் புரட்டாதிக் கடைசியில், மாரி தொடங்க முன். மழையோடு துளிர் வெடித்து வரும். வைகாசி, ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கிற நேரம் பெரிய வெட்டு வெட்டக் கூடாது, இளந்துளிர் வெந்து போகும், உள்ளே நிழலில் இருந்த தண்டிலும் திடீரென்று வெயில் பட்டுத் தோல் வெடிக்கும். அந்த நேரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிற நுனிகளை மட்டும் எடுத்தால் போதும். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவும் வேண்டாம். கத்தரிக்கோல் கூராக இருக்கட்டும், மொட்டைக் கத்தியால் கொத்தினால் நுனியெல்லாம் நைந்து காய்ந்து வேலி முழுக்கப் பழுப்பாகத் தெரியும்.

இன்னொன்று. யாராவது உங்களுக்கு முராயா சொன்னால், சிங்களத்தில் எட்டேரியா என்பார்கள், வெள்ளைப் பூ, நல்ல வாசம், வேலிக்கு மிகவும் அருமையான செடி, ஆனால் வீட்டில் தேசி (எலுமிச்சை) மரம் இருந்தால் வைக்காதீர்கள். தேசி, தோடை மரங்களுக்குப் பச்சையாதல் நோயைக் காவுகிற சின்னப் பூச்சி அந்தச் செடியின் துளிரில்தான் விரும்பி இருந்து பெருகும். கறிவேப்பிலையிலும் அது இருக்கும். ஒரு நல்ல தேசி மரம் போனால் வேலியை வைத்து என்ன செய்வது?


கடற்கரைவீடு, கல்லடி

எல்லோருக்கும் மிக்க நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், சங்கங்குப்பி என்றவுடன் முகம் மலர்ந்துவிட்டது, அவர் சின்ன வயதில் வாவிக்கரையில் பார்த்த செடியாம். எங்கள் வளவில் தேசி மரம் நிற்கிறது, அதனால் முராயா வேண்டாம்.

இன்னும் சில சந்தேகம். ஒன்று தண்ணீர். எங்கள் கிணறு ஆவணியில் கொஞ்சம் சவர்க்கும், மோட்டர் போட்டு 60 அடிக்கும் தண்ணீர் அடிக்கலாமா? இரண்டாவது, மாமி சொல்கிறார் செடிவேலி என்றால் பாம்பு வரும், நுளம்பு வரும், டெங்கு வரும், தகரமே பரவாயில்லை என்று. மூன்றாவது, செவ்வரத்தை கொஞ்சமாவது வைக்க முடியுமா, அம்மாவுக்குச் சாமிக்குப் பூ வேண்டும்.


ஆரையம்பதி நல்லதண்ணீர்

அக்கா, தண்ணீர்க் கேள்விக்கு நான் சொல்கிறேன், இது வேலியைவிடப் பெரிய விசயம்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற இந்த மணல் திட்டில் எங்களுக்குக் கிடைக்கிற நல்ல தண்ணீர் முழுக்க மழை தந்தது. மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. மாரியில் அந்தப் படை தடிப்பாக இருக்கும், ஆவணி, புரட்டாதியில் மெலிந்துவிடும். அந்த நேரத்தில் மோட்டரை விட்டு இழுத்தால் கீழே இருந்து உப்பு மேலே ஏறும், ஏறினது அடுத்த மாரி வரை இறங்காது. உங்கள் கிணறு மட்டுமில்லை, பக்கத்துக் கிணறும் சவர்க்கும். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகள் உப்பாகிக் கிடந்ததை இந்தக் கரையில் யாரும் மறந்திருக்க மாட்டோம், அதைத் திருத்தவும் அளவுக்கு மிஞ்சி இறைக்கக் கூடாது என்றுதான் அப்போது சொன்னார்கள். ஒரு வேலிக்காகக் குடிக்கிற தண்ணீரைக் கெடுத்துவிடாதீர்கள்.

அதனால்தான் நடுகிற நேரம் முக்கியம். ஐப்பசியில் முதல் மழை நன்றாக விழுந்து மண் ஒரு முழம் ஆழத்துக்கு நனைந்த பிறகு நட்டால், தை, மாசி வரை மழையே வளர்த்துத் தரும். அதற்குள் வேர் ஆழமாகப் போய்விடும். முதல் வெயிலுக்கு மட்டும்தான் நீங்கள் தண்ணீர் பார்க்க வேண்டும், சங்கங்குப்பிக்கு இரண்டாம் வருடம் ஊற்றவே தேவைப்படாது.

ஊற்றுகிற தண்ணீரையும் தினமும் மேலாகத் தெளிக்காமல் வாளியால் அடியில் விடுங்கள், சில நாள் விட்டு விட்டு, விடுகிற அன்று நிறைய. மேலாகத் தெளித்தால் வேரும் மேலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும், கச்சான் வந்தால் தாங்காது. சவர்த் தண்ணீரை இலையில் படவே விடக் கூடாது, தண்ணீர் காய்ந்து உப்பு இலையில் தங்கி எரித்துவிடும். கை கழுவுகிற, அரிசி கழுவுகிற தண்ணீர் நல்லது, சவர்க்காரத் தண்ணீரைத் தினமும் விட வேண்டாம்.

நடுகிற கிடங்கின் அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையை இரண்டு அடுக்கு, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, அதற்கு மேல் எருவும் மண்ணும் கலந்து போடுங்கள். மணலில் தண்ணீர் நிற்காது, மட்டை பிடித்து வைத்திருக்கும். தென்னைக்கு நாங்கள் காலங்காலமாகச் செய்வதுதான். மேலேயும் காய்ந்த தென்னோலையை வெட்டி மூடிவிடுங்கள், ஆனால் தண்டோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி, இல்லாவிட்டால் கறையான் தண்டில் ஏறும்.


களுவாஞ்சிக்குடி ரீச்சர்

மாமி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அவரைச் சமாளிக்கப் பார்க்காமல் அவர் சொல்வதை வைத்தே வேலியைப் பராமரியுங்கள். பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும், மறைந்து கிடக்க இடத்துக்கும். வேலி அடியில் ஓலை, பழைய தகரம், கல், விறகு என்று குவித்து வைத்தால் கட்டாயம் வரும், மதில் ஓரத்திலும் வரும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கீழ்க்கொப்பை எடுத்து, அடி தெரிகிற மாதிரி வைத்துக் கூட்டிவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. ஆரையம்பதித் தம்பி சொன்ன தென்னோலை மூடாக்கைக்கூட மெல்லியதாகப் போடுங்கள், குவிக்க வேண்டாம். இரவில் அந்தப் பக்கம் போவதென்றால் ரோச் இல்லாமல் போகவும் கூடாது.

டெங்கு நுளம்பு செடியில் முட்டையிடாது, தேங்கி நிற்கிற நல்ல தண்ணீரில்தான். ரோட்டில் போகிறவர்கள் வேலிக்குள் எறிந்துவிட்டுப் போகிற யோகட் கப், போத்தல், சிரட்டை, பொலித்தீன் பை, இவற்றில்தான் ஆபத்து. அடர்ந்த வேலிக்குள் அது விழுந்தால் கண்ணுக்கும் தெரியாது. மாரி முழுக்க வாரம் ஒருமுறை கையை விட்டுத் தேடி எடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் அவர் முதலில் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான்.


காரைதீவுத் தோட்டம்

செவ்வரத்தை வையுங்கள், ஆனால் ரோட்டுப் பக்கம் வேண்டாம், மாட்டுக்கும் ஆட்டுக்கும் அது விருந்து. சங்கங்குப்பி வேலிக்கு உள்பக்கம், நான்கைந்து அடி தள்ளி வையுங்கள். முன்வேலி உப்பை மறைத்துக் கொடுக்கும், செவ்வரத்தை தப்பிப் பிழைக்கும். மாப்பூச்சி வெள்ளையாக நுனியில் அப்பினால் அந்த நுனியை வெட்டி எடுத்துவிடுங்கள், மிச்சத்துக்குச் சவர்க்காரக் கரைசலை மெல்லியதாகக் கரைத்து இலைக்குக் கீழேயும் படும்படி தெளித்தால் போதும். எறும்பு ஏறுவதை நிறுத்தாவிட்டால் மாப்பூச்சி நிற்காது, எறும்புதான் அதைக் காவல் காத்து வளர்க்கும். கடும் மருந்து அடித்தால் மாப்பூச்சியைத் தின்கிற நல்ல பூச்சியும் சாகும், அதற்குப் பிறகு முன்னதைவிடக் கூடவே வரும்.

இடைவெளி யாரும் சொல்லவில்லை. சங்கங்குப்பியை ஒன்றரை அடிக்கு ஒன்று, இரண்டு வரிசையாக, முன்வரிசைக் கன்றுகளுக்கு நடுவில் பின்வரிசைக் கன்று வருகிற மாதிரி. வரிசைக்கு வரிசை ஒரு அடி. 60 அடிக்கு 80 தடி வரை வேண்டும், பட்டுப் போகிறதுக்கும் சேர்த்து நூறு வெட்டுங்கள். பென்சில் தடிப்பில், ஒரு முழ நீளம், பாதிக்கு மேல் மண்ணுக்குள். மார்கழி வெள்ளம் உங்கள் வளவில் தேங்கும் என்றால் அரையடி உயரத்துக்கு வரம்பு கட்டி அதன் மேல் நடுங்கள், தடி அழுகாது.

அத்திவாரம் கிடக்கிற இடத்தை அலவாங்கால் கிளறி, வருகிற சாந்துக் கட்டிகளை எடுத்துவிட்டு நட்டால் நல்லது. முழுக்கத் தோண்ட வேண்டும் என்றில்லை, சங்கங்குப்பி சுண்ணாம்புக்கும் சமாளிக்கும்.


பாண்டிருப்பு அலைகள்

பிந்தி வந்து ஒரு சொல். சிலர் இந்த இடத்தில் சவுக்கு வைக்கச் சொல்வார்கள், கடற்கரையில் வரிசையாக நிற்கிறதைப் பார்த்துவிட்டு. சவுக்கை வேலியாக வெட்டி நிறுத்தலாம், உப்புக்கு அதைவிட ஆள் கிடையாது, ஆனால் சின்னதிலிருந்து விடாமல் வெட்ட வேண்டும். ஒருமுறை கைவிட்டு மரமாகத் தடித்த பிறகு கீழே வெட்டினால் அந்தத் தடித்த கட்டையிலிருந்து சரியாகத் துளிர்க்காது, செத்துப்போகும். 60 அடிக்கு அந்தக் கவனம் உங்களால் வைக்க முடியும் என்றால் மட்டும் யோசியுங்கள். கீழே விழுகிற ஊசிச் சருகும் வேறு எதையும் வளர விடாது.

உங்கள் அம்மா மதிலைப் பற்றிச் சொன்னது மிகவும் சரி. அடைத்த மதிலில் காற்று மோதிக் கிளம்பி அந்தப் பக்கம் சுழன்று விழும், செடிவேலி காற்றைச் சல்லடை போட்டு வேகத்தைக் குறைத்துத்தான் உள்ளே விடும். உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரைக்கும் அந்தத் தணிவு தெரியும். ஆறடி வேலி என்றால் உங்கள் முற்றம் முழுக்க வந்துவிடும். 1978 சூறாவளியில் எங்கள் ஊரில் மதில்கள் விழுந்து கிடந்ததையும் பூவரச வேலிகள் நின்றதையும் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். நீங்களும் 10 அடிக்கு ஒன்று பூவரசங் கதியால் (வேர் பிடித்துத் துளிர்க்கிற வேலித்தடி) நட்டு, இரண்டு கம்பி இழுத்து விடுங்கள், சங்கங்குப்பி வளர்கிற வரைக்கும் மாடு மிதிக்காது, பிறகு அதற்கே முட்டாகவும் நிற்கும். பூவரசைத் தலை வெட்டிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் மரமாகி நிழல் விழுத்தும்.

எல்லையிலிருந்து இரண்டரை அடியாவது உள்ளே தள்ளி நடுங்கள். ரோட்டுப் பக்கம் வெட்டுவதற்கு நீங்கள் ரோட்டில் நிற்க வேண்டி வந்தாலும் செடி உங்கள் காணிக்குள் இருக்க வேண்டும். பக்கத்து வளவுப் பக்கம் நடும்போது அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி, எல்லைக் கல்லை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துவிட்டு நடுவது மிக நல்லது.


கடற்கரைவீடு, கல்லடி

இவ்வளவு விளக்கமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. ரோட்டுப் பக்கம் சங்கங்குப்பியும் பூவரசங் கதியாலும், பக்கத்து வளவுப் பக்கம் மருதோன்றி, உள்ளே செவ்வரத்தை, எக்சோராவை வீட்டுச் சுவர்ப் பக்கம் மாற்றுவது என்று முடிவு. அன்னபேதி இந்தக் கிழமையே தெளிக்கிறேன். தடி எங்கே வெட்டுவது என்றுதான் யோசனை, வாவிக்கரையில் போய் வெட்டலாமா?


மருதோன்றி வேலி, காத்தான்குடி

வாவிக்கரையில் வெட்ட வேண்டாம் தங்கச்சி, கண்டலோடு சேர்ந்து கரையைப் பிடித்து நிற்கிற செடி அது, நூறு தடி எடுத்தால் அந்த இடம் வெறுமையாகிவிடும். ஏற்கெனவே வேலியாக வைத்திருக்கிற வீடுகளில் கேளுங்கள், புரட்டாதிக் கடைசியிலும் ஐப்பசி முதல் மழையிலும் எல்லோரும் எப்படியும் வெட்டி எறிவார்கள், சந்தோசமாகத் தருவார்கள். எங்கள் தெருவிலும் இரண்டு வீட்டில் நிற்கிறது, அந்த நேரம் இங்கேயே ஒரு வரி எழுதுங்கள், சாக்கில் ஈரத்தோடு சுற்றி எடுத்து வைக்கிறேன். வெட்டின அன்றோ அடுத்த நாளோ நட்டுவிட வேண்டும், அதனால் கிடங்கை முதலே வெட்டி, மட்டை போட்டுத் தயாராக வைத்திருங்கள்.